நீராவிக் காலத்து அணியும் நம் அன்றாட உடையும்

தோற்றுவாய்

உடையால் வரும் பயன் இரண்டு. வெயில், குளிர், முள் முதலியவற்றினின்றும் உடலைக் காத்தல் ஒன்று. அதனை உடுப்பான் இன்னான் எனப் பிறர்க்கு அறிவித்தல் மற்றொன்று. முன்னையது உடம்பைப் பற்றியது. பின்னையது உள்ளத்தைப் பற்றியது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று இயைந்து நிற்குமிடத்து அழகு பிறக்கின்றது. மாறுபட்டு நிற்குமிடத்து ஆரவாரம் பிறக்கின்றது. தமிழில் 'அணி' என்னுஞ் சொல், மெய்யிற் பூணும் அணிகலனையும் செய்யுளில் அமையும் அணியையும் ஒருங்கே குறித்தல் யாவரும் அறிந்ததே. பொருளை விளக்காது நிற்கும் உவமை எங்ஙனம் செய்யுட்குச் சுமையாகின்றதோ, அங்ஙனமே தொழிலின்றித் தொங்கும் அணிகலமும் உடம்புக்குச் சுமையாகின்றது. இக்கருத்தை அளவுகோலாகக் கொண்டு, மேனாடுகளில் அண்மைக் காலத்தே தோன்றிப் பரவிய 'ஸ்டீம்பங்க்' என்னும் கலைநெறியை ஆராய்ந்து, அதனின்றும் நம் அன்றாட உடைக்குக் கொள்ளத்தக்கன இவை, தள்ளத்தக்கன இவை எனக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பிறப்பும்

'ஸ்டீம்' என்பது நீராவி. 'பங்க்' என்பது, வழக்கிலுள்ள கட்டுப்பாடுகளுக்கு அடங்காத இளைஞர் கூட்டத்தையும் அவர்தம் இசையையும் குறித்து 1970-களில் பெருவழக்குற்ற சொல். பின்னர், கணிப்பொறிகள் ஆட்சிபுரியும் வருங்காலத்தைப் புனையும் கதைகளுக்குச் 'சைபர்பங்க்' என்னும் பெயர் 1980-களில் வழங்கலாயிற்று. அக்காலத்தே கே. டபிள்யூ. ஜீட்டர், டிம் பவர்ஸ், ஜேம்ஸ் பிளேலாக் என்னும் அமெரிக்க எழுத்தாளர் மூவர், வருங்காலத்தை விடுத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டன் மாநகரைக் களமாகக் கொண்டு வியப்புக் கதைகள் எழுதிவந்தனர். இம்மூவர் நூல்களுக்கும் ஒரு பொதுப்பெயர் வேண்டுமெனக் கருதிய ஜீட்டர், 1987-ஆம் ஆண்டு 'லோகஸ்' என்னும் இதழுக்கு வரைந்த கடிதத்தில், பாதி விளையாட்டாக இப்பெயரைக் கூறினார். விளையாட்டாக இட்ட பெயரே நிலைத்துவிட்டது.

இந்நெறியின் உயிர் ஒரு வினாவில் அடங்கியுள்ளது. மின்னணுக் கருவிகள் தோன்றாமல், நீராவியும் பற்சக்கரமுமே மேன்மேலும் வளர்ந்திருப்பின் உலகம் எங்ஙனம் இருந்திருக்கும் என்பதே அவ்வினா. வில்லியம் கிப்சன், புரூஸ் ஸ்டெர்லிங் என்னும் இருவர் சேர்ந்தெழுதி 1990-இல் வெளியான புதினம் ஒன்று இதற்குத் தக்க சான்றாகும். சார்ல்ஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1820-களில் 'வேறுபாட்டுப் பொறி' என்னும் கணக்கிடும் இயந்திரத்தைச் செய்யத் தொடங்கினார். அரசாங்கம் பொருளுதவி செய்தும் அது முற்றுப்பெறவில்லை. 1842-இல் அவ்வுதவியும் நின்றது. அப்பொறி முற்றுப்பெற்றிருப்பின் கணிப்பொறிக் காலம் ஒரு நூற்றாண்டு முன்னரே வந்திருக்குமே என்பதுதான் அப்புதினத்தின் கரு.

இது வெறுங்கனவன்று என்பதற்கும் சான்று உண்டு. பாபேஜ் 1847-க்கும் 1849-க்கும் இடையே வரைந்துவைத்த இரண்டாம் வேறுபாட்டுப் பொறியின் படங்களைக் கொண்டு, அவர் பிறந்து இருநூறு ஆண்டு நிறைவெய்திய 1991-ஆம் ஆண்டில், இலண்டன் அறிவியற் காட்சிச்சாலையார் அதன் கணக்கிடும் பகுதியைச் செய்து முடித்தனர். கையால் கைப்பிடியைச் சுழற்ற, வெண்கலச் சக்கரங்கள் வரிசை வரிசையாய்த் திரும்பி, முப்பத்தோர் இலக்கம் வரை பிழையின்றிக் கணக்கிட்டன. அச்சிடும் பகுதி 2002-இல் முடிந்தது. இப்பொறியைக் காண்போர் வியப்பது அதன் விடையை மட்டுமன்று. விடை பிறக்கும் வழியையும் கண்ணாற் காண இயல்வதையே பெரிதும் வியக்கின்றனர். இக்குறிப்பை நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

முன்னோர்

பெயர் பிற்பட்டதாயினும் பொருள் முற்பட்டது. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்னும், ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸும் இந்நெறிக்கு முன்னோர் எனப்படுவர். வெல்ஸ் 1895-இல் வெளியிட்ட 'கால இயந்திரம்' கதையில் வரும் பொறி, பின்வந்த ஓவியர் பலர்க்கு முன்மாதிரியாயிற்று. வெர்ன் எழுதிய கடலடிப் பயண நூல் 1870-இல் நிறைவுற்றது. அதில் வரும் 'நாட்டிலஸ்' என்னும் நீர்மூழ்கி மரக்கலத்தை அறியாதார் இலர். அக்கலம் நீராவியால் இயங்குவதன்று, மின்னாற்றலால் இயங்குவது என்பது பலர் மறந்த செய்தி. 1954-இல் டிஸ்னி நிறுவனத்தார் அக்கதையைப் படமாக்கியபொழுது, ஹார்ப்பர் காஃப் என்னும் ஓவியர் அக்கலத்தை இரும்புத் தகடும் ரிவெட்டும் வெளித்தோன்ற, கடல் விலங்கு போன்ற வடிவில் அமைத்தார். அவ்வமைப்பே இந்நெறியினர் பலரது கண்ணில் இன்றும் நிற்பது.

நாட்டிலஸின் தலைவனான நெமோ யாவன்? வெர்ன் இதனை அந்நூலிற் கூறவில்லை; 1875-இல் நிறைவுற்ற 'மறைபொருள் தீவு' என்னும் நூலிற் கூறுகின்றார். அவன் புந்தேல்கண்டத்து அரசன் மகன். டக்கார் என்னும் பெயரினன். 1857-ஆம் ஆண்டு ஆங்கிலேயரை எதிர்த்தெழுந்த கிளர்ச்சியிற் கலந்துகொண்டு தோற்று, தன் மனைவி மக்களை இழந்து, கடலடியிற் புகல் தேடியவன். பித்தளைப் பொறிகளின் நடுவே வாழும் அக்கலைத்தலைவன் இந்தியன் என்பதும், பேரரசுக்குப் பகைவன் என்பதும் கருதத்தக்கன. மேலும், அவரே 1880-இல் வெளியிட்ட 'நீராவி வீடு' என்னும் நூலில், நீராவியால் நடக்கும் இரும்பு யானை ஒன்று சக்கரங்கள் பூண்ட வீடுகளை இழுத்துக்கொண்டு கல்கத்தாவிலிருந்து இமயம் நோக்கிச் செல்கின்றது. ஆகவே இக்கலையில் இந்தியா தொடக்கத்திலேயே இடம்பெற்றுள்ளது.

கலையில் வெளிப்படுவது

இந்நெறி ஏட்டோடு நில்லாது கட்டடத்திலும் சிற்பத்திலும் புகுந்தது. பாரிஸ் நகரத்துச் சுரங்க இரயில்வேயில் 'ஆர்ட்ஸ் எ மெத்தியே' என்னும் நிலையம் ஒன்றுண்டு. அதனைப் பெல்ஜிய நாட்டுச் சித்திரக்கதை ஓவியர் பிரான்சுவா ஷூய்ட்டன் 1994-இல் புதுக்கி அமைத்தார். சுவரும் வளைந்த கூரையும் செப்புத் தகட்டால் மூடப்பட்டு, தகடுகளைப் பிணிக்கும் ரிவெட்டுகள் வரிசையாய்த் தோன்ற, கப்பற்பலகணி போன்ற வட்டச் சாளரங்கள் இடையிடையே அமைய, மேலே பெரும் பற்சக்கரங்கள் தொங்குகின்றன. இரயிலை எதிர்நோக்கி நிற்பவர் நாட்டிலஸின் உள்ளே நிற்பது போல் உணர்வர்.

வெர்ன் பிறந்த நாந்த் நகரில், 2007-ஆம் ஆண்டு முதல் ஒரு பெரும்பொறி யானை மக்களைச் சுமந்து உலவுகின்றது. அதன் உயரம் 12 மீட்டர். உடல் செதுக்கிய மரத்தாலும் எலும்புக்கூடு எஃகாலும் காதுகள் தோலாலும் ஆயவை. துதிக்கை நீரை வாரியிறைக்கும். மரத்துண்டுகளின் இடையே உள்ளிருக்கும் எஃகுச் சட்டமும் மூட்டும் நன்கு தெரிகின்றன. தச்சர் அவற்றை மூடி மறைத்து மெய்யானை போலக் காட்ட முயலவில்லை. யானை எவ்வாறு காலெடுத்து வைக்கின்றது என்பதைச் சிறுவரும் கண்டு உணரட்டும் என்றே விட்டுவைத்தனர் போலும். 2009-ஆம் ஆண்டு இறுதியிலிருந்து 2010-ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை, ஆக்ஸ்போர்டு அறிவியல் வரலாற்றுக் காட்சிச்சாலையில், பழைய வானநூற் கருவிகளின் அருகே இக்கலைஞர் செய்த கடிகாரங்களும் விளக்குகளும் காட்சிக்கு வைக்கப்பெற்றன. பொருத்தமான இடமே. ஏனெனின், அப்பழங் கருவிகளும் தம் வேலையை மறையாதவை.

இவற்றாற் பெறப்படுவது யாது? இக்கலையின் சிறப்பியல்பு பழுப்பு நிறமுமன்று, பற்சக்கரமுமன்று. பொருள் தான் செய்யப்பட்ட முறையைத் தானே காட்டிநிற்றலாகும். இன்று நம் கையிலிருக்கும் தொலைபேசி வழவழப்பான ஒரு கண்ணாடிப் பலகை. அதனுள் நிகழ்வது யாதென நமக்குத் தெரியாது. திறந்து பார்க்கவும் பெரும்பாலும் இயலாது. பழுதுற்றால் எறிந்துவிட்டு வேறு வாங்குகின்றோம். இந்நிலையில், 'எனக்குத் தெரியும்படி இயங்குக' என்று பொருள்களை நோக்கிக் கேட்கும் வேட்கையே ஸ்டீம்பங்காக உருக்கொண்டது என்பது என் துணிபு.

உடையில் வெளிப்படுவது

இனி உடைக்கு வருவாம். இந்நெறியினர் கூடும் விழாக்கள் பலவுள. இங்கிலாந்தில் லிங்கன் நகரில் 2009 முதல் நடைபெற்றுவரும் விழா அவற்றுட் பெயர்பெற்றது. அங்குக் கூடுவோர் குழல்போல் உயர்ந்த தொப்பி, அதன்மேல் தீப்பொறி காக்கும் கண்ணாடி, கையில்லா வெயிஸ்ட்கோட், அதன் பையில் சங்கிலி கோத்த கடிகாரம், தோலால் ஆய இடுப்பு வார், முழங்கால் மட்டும் ஏறும் நாடாக் காலணி, மாதராயின் இடையை இறுக்கும் கார்செட் ஆகியவற்றைப் பூண்டு தோன்றுவர்.

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலத்தே ஒரு வேலை இருந்தது. புகைவண்டி எஞ்சினில் நின்றவர்க்குக் கரித்தூளும் காற்றும் கண்ணைத் தாக்காதிருக்கக் காப்புக் கண்ணாடி உதவியது. கொல்லர்க்குத் தோலாடை தீப்பொறியைத் தடுத்தது. பைக் கடிகாரத்தின் வரலாறு இன்னும் சுவையுடையது. பண்டு இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் வெவ்வேறு நேரம் வழங்கிற்று. கதிரவன் உச்சியில் நிற்பதே அவ்வூர்க்கு நண்பகல். புகைவண்டி ஓடத் தொடங்கியபின் இவ்வேறுபாடு இடர் விளைத்தமையால், கிரேட் வெஸ்டர்ன் இரயில்வேயார் 1840-இல் தம் நிலையங்களில் எல்லாம் இலண்டன் நேரத்தையே கைக்கொண்டனர். 1880-இல் அது பிரிட்டன் முழுமைக்கும் சட்டமாயிற்று. நேரம் பொதுவாகவே, அதனைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் தேவையும் பெருகிற்று. வெயிஸ்ட்கோட்டில் தொங்கும் அச்சங்கிலி கடிகாரம் நழுவி விழாமற் காத்த காவலாகும்.

ஆயின், பலர் இன்று செய்வது யாது? பிளாஸ்டிக்கால் ஆய பற்சக்கரங்களைத் தொப்பியிலும் தோள்பையிலும் பசையிட்டு ஒட்டி, அதுவே ஸ்டீம்பங்க் என்கின்றனர். ஒற்றைப் பற்சக்கரம் எதனையும் இயக்காது; அதன் பல் மற்றொன்றன் பல்லோடு பொருந்தினால் அன்றோ சுழற்சி பிறக்கும்? இங்ஙனம் ஒட்டிய சக்கரங்களை இந்நெறியினரே எள்ளி நகையாடுவர். 2013-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தார், சமூக ஊடகச் செய்திகளை ஆராய்ந்து, ஸ்டீம்பங்க் உடை கடைகளிற் பெருகப் போகின்றது என முன்னறிவித்தனர். கடைக்கு வரும்பொழுது எந்தக் கலையும் தன் உயிரை இழந்து உருவை மட்டும் கொண்டுவரும் இடர் உண்டு. ஆதலின் உயிர் எது, உருவெது எனப் பிரித்தறிதல் நமக்கு இன்றியமையாததாகின்றது.

நிறம் பற்றிய மயக்கம்

உருவை மட்டும் கொள்வதால் விளையும் மயக்கத்திற்கு நிறம் ஓர் எடுத்துக்காட்டு. ஸ்டீம்பங்க் உடை என்றதும் பழுப்பும் கறுப்பும் நினைவுக்கு வருகின்றன. விக்டோரியா காலத்தார் உண்மையில் அங்ஙனமே உடுத்தனரா? இல்லை. 1856-இல் வில்லியம் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர், மலேரியாவுக்கு மருந்தாகும் கொயினாவைச் செயற்கையாற் பெற முயன்று, நிலக்கரித் தாரினின்றும் எடுத்த பொருளைக் கொண்டு ஆய்வு செய்தபொழுது, எதிர்பாராவண்ணம் ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டார். அதனைத் தொடர்ந்து பலவகைச் செயற்கைச் சாயங்கள் தோன்றவே, அக்காலத்து மாதரின் பட்டாடைகள் கண்ணைப் பறிக்கும் ஊதா, சிவப்பு, நீலம், பச்சை நிறங்களில் ஒளிர்ந்தன. நாம் அக்காலத்தைப் பழுப்பென எண்ணுவதற்குக் காரணம் அக்காலத்துப் புகைப்படங்களே. படம் பழுப்பாயிருத்தலின் வாழ்வும் பழுப்பாயிருந்தது எனக் கருதிவிட்டோம். ஆதலின், நீராவிக் காலத்தை உடையில் நினைவுகூர விரும்புவார் பழுப்புக்கு அடிமையாக வேண்டுவதில்லை. பெர்க்கினின் ஊதா நிறச் சட்டை ஒன்றே, ஒட்டிய சக்கரங்கள் நூற்றினும் அக்காலத்துக்கு உண்மையானதாகும்.

ரிவெட்டு கூறும் பாடம்

அணியும் தொழிலும் ஒன்றுபட்டு நிற்றலுக்கு நம்மில் பலர் நாள்தோறும் உடுக்கும் ஜீன்ஸ் காற்சட்டையே சிறந்த சான்று. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரர் வாழ்ந்தார். 1870-ஐ ஒட்டி, மரம் வெட்டும் தன் கணவனுக்கு எளிதிற் கிழியாத காற்சட்டை வேண்டுமென ஒரு மாது அவரைக் கேட்டாள். பைகளின் மூலைகளே முதலிற் கிழிவன என்பதை அறிந்த டேவிஸ், குதிரைப் போர்வைக்குத் தாம் பயன்படுத்திவந்த செப்பு ரிவெட்டுகளை அம்மூலைகளில் அடித்துக் கொடுத்தார். அம்முறை பெயர்பெறவே, தமக்குத் துணி விற்றுவந்த சான்பிரான்சிஸ்கோ வணிகர் லெவி ஸ்ட்ராஸுடன் கூடி, 1873-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் அதற்கு உரிமைப்பட்டயம் பெற்றார்.

வலப்புறப் பைக்குள் அடங்கிய சிறு பை ஒன்று ஜீன்ஸில் உண்டு. அது பைக் கடிகாரத்திற்கென அமைந்தது. கடிகாரம் போயிற்று, பை நின்றது. பின்புறப் பைகளின் ரிவெட்டு, குதிரைச் சேணத்தையும் நாற்காலியையும் கீறியமையால் 1937-இல் துணியால் மறைக்கப்பட்டது. பின்னர் 1960-களில் அவ்விடத்துத் தடித்த தையலே போதுமெனக் கொள்ளப்பட்டு நீக்கப்பட்டது. வேலையுள்ள இடத்து நின்றது. தீங்கு செய்யுமிடத்து விலகிற்று. உண்மையான அணியின் இலக்கணத்தை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது. செப்பின் செந்நிறமும் நீலத் துணியும் சேர்ந்து அழகு தருதல், பயன் கருதிச் செய்த செயலுக்குத் தானே வந்து வாய்த்த பரிசு.

மாதர் உடை

கார்செட்டைக் குறித்துச் சில கூறல் வேண்டும. அது அக்காலத்தே உள்ளுடை. இந்நெறியினர் அதனை வெளியுடையாக்கினர். அடக்குமுறையின் கருவியைத் தாமே விரும்பி வெளிப்படையாய் அணிதல் விடுதலையின் அறிகுறி என்பாரும் உளர். அது எவ்வாறாயினும், அக்காலத்து மாதரே அதனை எதிர்த்தனர் என்பதை மறத்தலாகாது. 1881-இல் இலண்டனில் நிறுவப்பெற்ற அறிவுக்கிசைந்த உடைச் சங்கத்தார், இடையை இறுக்கி உடலை உருக்குலைக்கும் ஆடைகளைக் கண்டித்தனர். மாதர் அணியும் உள்ளுடைகளின் நிறை ஏழு பவுண்டுக்கு மேற்படலாகாது எனவும் வரையறுத்தனர். ஏழு பவுண்டு என்பது மூன்று கிலோவுக்கும் மேற்பட்டது. உச்சவரம்பே இதுவாயின், வழக்கத்திலிருந்த சுமை எத்துணையென உய்த்துணர்க. பாபேஜின் மற்றொரு பொறியைப் பற்றி 1843-இல் ஆழ்ந்த குறிப்புகள் வரைந்த ஏடா லவ்லேஸ் அம்மையாரை இந்நெறியினர் பெரிதும் போற்றுவர். மகளிர் அவரிடமிருந்து கொள்ளத்தக்கது அவர் இடையின் அளவன்று, அவர் உள்ளத்தின் வீச்சாகும். கார்செட்டின் அழகு வேண்டுவார் அதன் தையற்கோடுகளையும் நாடாக் கட்டையும் ஒரு மேற்சட்டையில் அமைத்துக்கொள்ளலாம். மூச்சை இறுக்க வேண்டுவதில்லை.

மறைக்கலாகாத மறுபுறம்

இதுகாறும் நீராவிக் காலத்தின் ஒளியையே நோக்கினோம். நிழலை நோக்காது செல்லின் இவ்வாராய்ச்சி குறையுடையதாகும். அப்பளபளப்பான பொறிகள் யாருடைய உழைப்பால் ஓடின? பிரிட்டனில் ஒன்பது வயதுக்குட்பட்ட சிறுவரைப் பஞ்சாலைகளில் வேலைக்கு வைத்தலாகாது என 1833-இல் ஒரு சட்டமும், மாதரையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரையும் சுரங்கத்தினுள் இறக்கலாகாது என 1842-இல் ஒரு சட்டமும் செய்ய வேண்டியதாயிற்று. சட்டம் வேண்டியதாயிற்று என்பதே முன்பிருந்த நிலையைக் காட்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட 1861-ஆம் ஆண்டுவரை, லங்காஷயர் ஆலைகளுக்கு வந்த பருத்தியிற் பெரும்பகுதி அடிமைகளின் கையாற் பயிராகியது. அவ்வாலைகளின் நூலும் துணியும் நம் நாட்டுச் சந்தையில் வந்து குவிந்தபொழுது, இராட்டையால் வாழ்ந்த மகளிர் பலரும் தறியால் வாழ்ந்தார் பலரும் தொழில் இழந்தனர்.

அழகான உடைக்காகவே மடிந்தாரும் உண்டு. 1861-ஆம் ஆண்டு நவம்பரில், இலண்டனில் மாடில்டா ஷூரர் என்னும் இளம்பெண் இறந்தாள். மாதர் தலையணிக்கான செயற்கை இலைகளில் பசும்பொடி தூவுதல் அவள் தொழில். அப்பொடியில் பாஷாணம் கலந்திருந்தது. கையிலும் மூச்சிலும் அதனை ஏற்று, உடல் முழுதும் நஞ்சேறி அவள் உயிர் நீத்தாள். அவளுக்கு அப்பொழுது வயது பத்தொன்பது. நம் வகுப்பறையில் அமர்ந்திருப்பாரிற் பலர்க்கும் அதுவே வயது.

ஆகவே, பொருள் தான் செய்யப்பட்ட முறையைத் தானே காட்டுதல் வேண்டும் என்று மேலே கண்ட கொள்கையை முழுதும் கொள்வோமாயின், அது பற்சக்கரத்தோடு நில்லாது. செய்த கையையும் அது காட்டவேண்டும். எந்திரத்தின் உட்புறத்தைக் காண விழைந்து, அதனை ஓட்டியவன் முகத்தைக் காண மறுப்பவன் பாதி உண்மையையே விரும்புகின்றான். இக்காலத்து உடையும் இதற்கு விலக்கன்று. 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வங்காளதேசத்து ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து வீழ்ந்து, ஆடை தைத்து வாழ்ந்தோர் ஆயிரத்து நூற்றுவர்க்கு மேல் இறந்தனர். குறைந்த விலைச் சட்டையின் விலையை வேறு யாரோ கொடுக்கின்றனர் என்பதை உலகம் அன்று ஒருகணம் கண்டது.

கொள்ளும் முறை

இனி, அன்றாட உடைக்கு இந்நெறியினின்றும் கொள்ளத்தக்கவற்றைத் தொகுத்துக் கூறுவாம்.

முதலாவது, ஒரு நாளைக்கு ஓரணி போதும். விழாவுக்கு முழுக்கோலம் தகும். வகுப்பறைக்கும் அலுவலகத்துக்கும் தகாது. வெறும் பருத்திச் சட்டையின்மேல் கைத்தறி வெயிஸ்ட்கோட், அல்லது சாவி கொடுக்கும் கைக்கடிகாரம், அல்லது பித்தளைக் கொளுவி கொண்ட தோல் வார் என ஒன்றைக் கொண்டாலே குறிப்பு விளங்கும். செய்யுளில் அணி மிகின் பொருள் மறைவது போல உடையிலும் ஆகும்.

இரண்டாவது, அணிவது எதுவாயினும் அதற்கு ஒரு வேலை இருத்தல் வேண்டும். ஓடாத கடிகாரம், திறவாத பூட்டு, பூட்டாத பொத்தான் ஆகியவற்றை விலக்குக. சங்கிலி வேண்டின் அதன் முனையில் சாவிக்கொத்து தொங்கட்டும்.

மூன்றாவது, முதுமையால் அழகு பெறும் பொருள்களைத் தேர்ந்துகொள்க. பிளாஸ்டிக் பழகப் பழக அழுக்காகும். தோலும் மரமும் பித்தளையும் பழகப் பழக மெருகேறும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை, காற்றும் ஈரமும் பட்டு மங்கிக் களிம்பேறுமாயினும், நம் இல்லங்களிற் குத்துவிளக்கைத் துலக்குமாறு புளியிட்டுத் தேய்க்க அதன் அமிலத்தால் மாசு நீங்கி ஒளிபெறும். அத்தகைய பொத்தானைப் பழஞ்சட்டையினின்றும் எடுத்துப் புதுச்சட்டையில் தைக்கலாம். உடை அழியினும் அணி அழியாது.

நான்காவது, நாட்டின் தட்பவெப்பத்துக்கு இயைய உடுக்க. இலண்டன் பனிக்கு அமைந்த கம்பளி மேலங்கியும் தோற்சட்டையும் நம் வெயிலில் உடலை வாட்டும். அறிவுக்கிசைந்த உடைச் சங்கத்தார் தம் நாட்டில் கூறியது நமக்கும் பொருந்தும். கோட்டின் வெட்டைக் கொண்டு துணியை மாற்றிக் கொள்க. மெல்லிய பருத்தி போதும்.

ஐந்தாவது, ஆதிக்கத்தின் அடையாளங்களைத் தள்ளுக. சோலா தொப்பியும் பேரரசின் படைப்பதக்கமும் இந்நெறியினர் சிலர் அணிவன. அவற்றின் வேலை வெயில் காத்தலோடு முடியவில்லை. யார் ஆள்வார், யார் ஆளப்படுவார் எனக் காட்டுதலும் அவற்றின் வேலையாயிருந்தது. நெமோவைப் போற்றுவார் தலையில் அத்தொப்பி பொருந்துமோ? கொல்லனின் தோலாடையும் தச்சனின் கருவிப்பையும் தையற்காரனின் செப்பு ரிவெட்டும் நமக்குப் போதும்.

ஆறாவது, தைக்கக் கற்க. பொத்தான் தைத்தல், ஓரம் மடித்தல், கிழிந்த இடத்துக்கு ஒட்டுப் போடுதல் ஆகிய மூன்றும் ஒரு வாரத்தில் எவரும் கற்கத்தக்கன. ஒட்டுப்போட்ட இடத்தை மறைக்கவும் வேண்டாம்; மாறுநிற நூலால் நன்கு தெரியத் தைக்கலாம். நாந்த் நகரத்து யானை தன் மூட்டை மறைக்கவில்லையே! தானே செப்பனிட்ட சட்டை ஒன்றை அணிந்தவனே இக்கலையின் உட்பொருளை உடையிற் கொண்டவனாவான். அவன் 'ஸ்டீம்பங்க்' என்னும் சொல்லைக் கேட்டறியாதவனாயினும் ஆகுக.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், ஸ்டீம்பங்க் என்பது நிகழாத ஒரு காலத்தைப் பற்றிய கனவாயினும், அதனுள் நிகழ்காலத்துக்கு வேண்டிய ஓர் அறிவுரை அடங்கியுள்ளது என்பது போதரும். பொருள்களை அறிந்து பயன்படுத்துக, பழுதுற்றவற்றைச் செப்பனிடுக, அணிகலத்துக்கு வேலை கொடுக்க, செய்த கையை மறவாதிருக்க என்பதே அவ்வறிவுரை. இதனைப் பின்பற்றுதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஓர் ஊசியும் நூலும் சிறிது பொறுமையும் போதும்.

மாணவத் தோழர் புதிய சட்டை ஒன்றை வாங்கக் கையிலெடுக்கும்பொழுது, அதன் நிறத்தையும் விலையையும் நோக்குவதோடு, அதன் உட்புறத்தைத் திருப்பித் தையலையும் ஒருமுறை நோக்குவாராக. அத்தையல் உறுதியுடையதா, அது பிரிந்தால் தாமே தைக்க இயலுமா, அதனைத் தைத்தவர்க்கு வயது என்ன, கூலி என்ன என்னும் நான்கு வினாக்களையும் தம்முள் எழுப்புவாராக. எல்லாவற்றுக்கும் விடை கிடையாது. கேட்கும் பழக்கம் வந்துவிடின், அவர் உடுப்பது எளிய வேட்டியாயினும் சேலையாயினும் ஜீன்ஸாயினும், அது அவர்க்கு நல்ல அணியாய் அமையும்.